கடிதம் உங்களுடையது... பெட்டி யாருடையது?

2024 பிப்ரவரி 8. கோபாலபுரம், முகப்பேர், அண்ணா நகர் என்று சென்னையின் பல பகுதிகளில் இருக்கும் தனியார் பள்ளிகளுக்கு அடுத்தடுத்து வெடிகுண்டு மிரட்டல். செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பெற்றோர் பள்ளி வாசலுக்கு ஓடினார்கள். மோப்ப நாய்கள் வந்தன. வகுப்பறைகளைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். எதுவும் சிக்கவில்லை. வெறும் புரளி. ஆனால், மிரட்டல் வந்த வழி செய்தியானது. ஸ்விட்சர்லாந்தின் மெயில் சேவையான ‘புரோட்டான் மெயில்’ என்ற பெயரை அந்த வாசல்களில் நின்ற பலரும் அன்றுதான் முதன்முறையாகக் கேள்விப்பட்டிருப்பார்கள்.

அனுப்பியது யார் என்று உடனே கண்டுபிடிக்க முடியாமல் திணறிய தமிழகக் காவல்துறை, அந்தச் சேவையையே இந்தியாவில் முடக்க வேண்டும் என்று கேட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் அதற்கான வேலைகளும் தொடங்கின. ஸ்விட்சர்லாந்து அரசுத் தரப்பு தலையிட்டுப் பேசிய பிறகு அப்போதைக்கு அது நின்றது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 29 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அதே சேவையை முடக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஒரு வடிவமைப்பு நிறுவனத்தின் பெண் ஊழியர்களைக் குறிவைத்து ஆபாச மெயில்கள் அனுப்பப்பட்ட வழக்கு அது.

ஆக, நம் ஊரில் ‘அந்தரங்க மெயில்’ என்றாலே ஏதோ திருட்டுக் கும்பல் சமாசாரம் என்ற பெயர் விழுந்துவிட்டது. இன்னொரு பக்கம், எந்தக் குற்றத்துக்கும் சம்பந்தமில்லாத ஆசிரியர்களும் வக்கீல்களும் சிறு வியாபாரிகளும் ‘ஜிமெயிலை விட்டு மாறலாமா?’ என்று யோசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மாறலாம்தான். ஆனால், மாறினால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரிந்துகொண்டு மாறுவது நல்லது. இந்தச் சேவைகளின் விளம்பரங்கள் கொடுக்கும் நம்பிக்கை வேறு, அவற்றின் வரலாறு சொல்லும் கதை வேறு.

அழிக்காமல் சேர்த்த 20 வருடம்

ஜிமெயில் வந்தது 2004 ஏப்ரல் 1. முட்டாள்கள் தின விளையாட்டு என்றே பலர் நினைத்தார்கள். ஹாட்மெயில் 2 எம்.பி. இடம் தந்துகொண்டிருந்த காலத்தில் 1 ஜி.பி. இலவசம் என்றால் யார் நம்புவார்கள்? பிரவுசிங் சென்டரில் மணிக் கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்து, பழைய மெயில்களை அழித்து இடம் பண்ணியவர்களுக்கு அது பெரிய விடுதலை. இனி எதையுமே அழிக்க வேண்டாம், எல்லாம் அப்படியே கிடக்கட்டும், தேடினால் கிடைக்கும் என்றது கூகுள். நாமும் அதற்குப் பிறகு எதையும் அழிக்கவில்லை.

இலவசத்துக்கு ஒரு விலை இருந்தது. மெயிலில் இருக்கும் சொற்களை இயந்திரம் வாசித்து, அதற்கேற்ற விளம்பரத்தைப் பக்கத்தில் காட்டும். அறிமுகமான அதே வாரத்திலேயே 31 உரிமை அமைப்புகள் சேர்ந்து, இதை நிறுத்துங்கள் என்று கூகுளுக்குக் கடிதம் எழுதின. விளம்பரத்துக்காக மெயிலை வாசிப்பதை நிறுத்தப்போவதாக கூகுள் அறிவித்தது 2017 ஜூனில். இடையில் ஓடியது 13 வருடம். விளம்பர வாசிப்பு நின்றதால் எல்லா வாசிப்பும் நின்றுவிடவில்லை. ஆன்லைனில் வாங்கிய பொருள்களின் ரசீதுகளை மெயிலிலிருந்து எடுத்து, வருடக்கணக்கான பட்டியலாக ஒரு பக்கத்தில் கூகுள் சேர்த்து வைத்திருப்பது 2019-ல் தெரியவந்து பலரும் திடுக்கிட்டார்கள். விளம்பரத்துக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்றது நிறுவனம். இருக்கலாம். ஆனால், பட்டியல் இருந்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். திருடனிடமிருந்து காப்பதில் ஜிமெயில் மோசமில்லை. ஸ்பேம் வடிகட்டுவதிலும், போலி வங்கி மெயில்களைப் பிடிப்பதிலும் அதற்கு ஈடாகச் சொல்லக்கூடியவை மிகக் குறைவு. யாஹூவில் 2013-ல் நடந்த ஊடுருவலில் 300 கோடி கணக்குகளின் விவரங்கள் பறிபோயின. அந்த மாதிரி ஒரு விபத்து ஜிமெயிலுக்கு நேரவில்லை. உங்கள் பயம் ஹேக்கரைப் பற்றி மட்டும்தான் என்றால், இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டுக்கொண்டு இருக்கும் இடத்திலேயே இருக்கலாம்.

பயப்பட வேண்டியது எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து கிடப்பதைப் பற்றித்தான். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு தந்தைக்கு நேர்ந்ததை 2022-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ விரிவாக எழுதியது. கொரோனா காலம். கைக்குழந்தைக்குப் பிறப்புறுப்பில் வீக்கம். மருத்துவருக்கு அனுப்புவதற்காகப் போனில் படம் எடுத்தார். படம் தானாகவே கூகுளின் சேமிப்புக்குப் போனது. இயந்திரம் அதைக் குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் என்று குறித்தது. கணக்கு முடக்கப்பட்டது. மெயில், புகைப்படங்கள், தொடர்பு எண்கள், கூகுளிடமே வாங்கியிருந்த போன் இணைப்பு எல்லாம் ஒரே அடியில் போயின. போலீஸ் விசாரித்து, குற்றமே இல்லை என்று முடித்துவிட்டது. கூகுள் கணக்கைத் திருப்பித் தரவில்லை. அவர் தன் பக்க நியாயத்தைச் சொல்லப் போய் நிற்க ஒரு கவுன்டர்கூட இல்லை.

11 பக்கம், பொடி எழுத்து

அந்தரங்க மெயில் தொழிலைப் புரிந்துகொள்ள லாவாபிட்டின் கதையைத் தெரிந்துகொள்வது அவசியம்.

அமெரிக்காவின் டெக்சாஸில், லடார் லெவிசன் என்பவர் 2004-ல் தொடங்கிய சிறிய சேவை லாவாபிட். சுமார் 4 லட்சம் பயனர்கள். சேமித்து வைத்த மெயில்களைப் பூட்டி வைப்போம், நாங்களே படிக்க முடியாது என்பதுதான் அதன் விற்பனைப் பேச்சு. 2013 ஜூனில் எட்வர்டு ஸ்னோடன் அமெரிக்க உளவு அமைப்பின் ரகசியங்களை வெளியிட்டார். அந்த மாதமே எஃப்.பி.ஐ. லெவிசனிடம் வந்தது. ஒரே ஒருவரின் கணக்கைக் கண்காணிக்க வேண்டும் என்றார்கள். யாருடையது என்று அவர் வெளியே சொல்லக் கூடாது என்று வாய்ப்பூட்டு. சட்டப் போராட்டம் முற்றியபோது அவர்கள் கேட்டது சர்வரின் எஸ்.எஸ்.எல். சாவியை. அந்த ஒரு சாவி கையில் இருந்தால், ஒருவரின் போக்குவரத்து மட்டுமல்ல, 4 லட்சம் பேரின் போக்குவரத்தையும் வாசிக்கலாம்.

லெவிசன் சாவியைக் கொடுத்தார். எப்படி? 11 பக்கத் தாளில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய 4 புள்ளி அளவு எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தார். நீதிமன்றம் ரசிக்கவில்லை. மின்னணு வடிவில் கொடுக்கும்வரை நாளொன்றுக்கு 5,000 டாலர் அபராதம் என்றது. இரண்டு நாள் கழித்துக் கொடுத்தார். மறுநாள், 2013 ஆகஸ்ட் 8 அன்று, கடையையே மூடினார். இன்னொரு நிறுவனமான சைலன்ட் சர்க்கிள், தன்னிடம் யாரும் கேட்பதற்கு முன்பே தன் மெயில் சேவையை அடுத்த நாள் மூடிக்கொண்டது. குறிவைக்கப்பட்டது ஸ்னோடனின் முகவரிதான் என்பது 2016-ல் அரசு வெளியிட்ட ஆவணத்தில், மறைக்க மறந்த ஒரு வரியின் மூலம் வெளிவந்தது.

லெவிசன் நல்ல மனிதர். ஆனால், அவருடைய பூட்டின் அமைப்பில் ஓட்டை இருந்தது. பயனரின் பாஸ்வேர்டு ஒவ்வொரு முறையும் சர்வருக்குப் போய்த்தான் பெட்டி திறந்தது. அதற்கு முன்பே கனடாவின் ஹஷ்மெயிலிலும் இதே கதைதான். 2007-ல் நீதிமன்ற ஆணைப்படி 3 கணக்குகளின் மெயில்களை, பூட்டைத் திறந்து, 12 சி.டி.களில் எழுதி அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்புத் துறைக்குக் கொடுத்தது அந்த நிறுவனம். சேவை நடத்துபவர் எவ்வளவு நேர்மையானவர் என்பது இரண்டாவது கேள்வி. திறக்கும்படி அவரைக் கட்டாயப்படுத்தினால் அவரால் திறக்க முடியுமா என்பதே முதல் கேள்வி.

பூட்டப்படுவது எது, படாதது எது?

ஜெனீவா பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஆண்டி யென் முதலிய இளம் விஞ்ஞானிகள் 2014 மே மாதம் புரோட்டான் மெயிலை வெளியிட்டபோது, லாவாபிட் கற்பித்த பாடத்தோடுதான் தொடங்கினார்கள். பாஸ்வேர்டு சர்வருக்குப் போகாது. பூட்டுவதும் திறப்பதும் உங்கள் கணினியில் அல்லது போனில் நடக்கும். சர்வரில் கிடப்பது உடைத்துப் படிக்க முடியாத சங்கேதக் குவியல். ஜெர்மனியின் ஹனோவரில் இருக்கும் டூட்டாவும் (2023 வரை டூட்டநோட்டா) கிட்டத்தட்ட இதே வழிதான். டூட்டாவில் மெயிலின் தலைப்பு வரியும் பூட்டப்படும். புரோட்டானில் தலைப்பு வரி முழுமையான பூட்டுக்குள் வராது. ‘விவாகரத்து நோட்டீஸ்’ என்று தலைப்பில் போட்டுவிட்டு உள்ளே இருப்பது ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இரண்டு பேரும் அதே சேவையில் இருந்தால்தான் இந்தப் பூட்டு முழுசாக வேலை செய்யும். நீங்கள் புரோட்டானிலிருந்து ஜிமெயிலில் இருக்கும் அண்ணனுக்கு எழுதினால், அண்ணனின் பெட்டியில் அது மற்ற மெயில்களைப் போலத்தான் கிடக்கும். பெஞ்சமின் மாகோ ஹில் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல வருடங்களாகத் தன் மெயிலைத் தன் சொந்த சர்வரிலேயே வைத்திருந்தவர். 2014-ல் தன் பெட்டியைக் கணக்கெடுத்துப் பார்த்தார். வந்த மெயிலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூகுள் வழியாக வந்தது. அவர் பதில் எழுதிய மெயில்களில் பாதிக்கு மேல் கூகுள் பக்கம் போனது. சொந்த சர்வர் வைத்திருந்தவருக்கே அந்த நிலை.

வெளியிலிருந்து வரும் மெயிலும் சாதாரணமாகத்தான் வந்து சேரும். வந்த பிறகு பூட்டி உள்ளே வைக்கப்படும். அந்த ஒரு கண இடைவெளியைத்தான் 2020-ல் ஜெர்மனியின் கொலோன் நீதிமன்றம் பிடித்தது. மிரட்டல் வழக்கில் சிக்கிய ஒரு கணக்குக்கு வரும் பூட்டப்படாத மெயில்களைப் பிரதியெடுத்துக் கொடுக்க வழி செய் என்று டூட்டநோட்டாவுக்கு உத்தரவு வந்தது. 2021-ல் புரோட்டானுக்கு வந்தது பெரிய சங்கடம். பாரிஸில் பருவநிலைப் போராட்டக்காரர் ஒருவரைத் தேடிய பிரெஞ்சு போலீஸ், யூரோபோல் மூலமாக ஸ்விஸ் அதிகாரிகளை அணுகியது. ஸ்விஸ் ஆணை வந்ததும், அந்தக் கணக்கில் நுழைபவரின் ஐ.பி. முகவரியைப் புரோட்டான் குறித்துக் கொடுத்தது. ஆள் கைதானார். ஐ.பி. விவரங்களைச் சேமிப்பதில்லை என்று இணையதளத்தில் பெருமையாகப் போட்டிருந்த வரி சத்தமில்லாமல் மாறியது. மெயிலின் உள்ளடக்கத்தை அவர்கள் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2023-ல் மட்டும் ஏறக்குறைய 6,000 சட்ட ஆணைகளுக்குப் புரோட்டான் இணங்கியிருக்கிறது. எண்ணிக்கையை அவர்களே வெளியிடுகிறார்கள். அந்த வெளிப்படைத்தன்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ‘யாராலும் தொட முடியாது’ என்று சொல்லும் புதுக் கடைகளைவிட இது மேல்.

புதுக் கடைகளில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. ஸ்கிஃப் என்று அழகான ஓர் அந்தரங்க மெயில் வந்தது. பலரும் ஆசையாக மாறினார்கள். 2024 பிப்ரவரியில் நோஷன் நிறுவனம் அதை வாங்கியது, ஆறு மாதத்தில் மூடிவிட்டது. மாறியவர்கள் மறுபடி மூட்டை கட்டினார்கள்.

தென்காசிப் பக்கம்

‘ஸ்விட்சர்லாந்து எதற்கு, நம்ம ஊர் ஸோஹோ இருக்கிறதே?’ என்பது 2025-லிருந்து அதிகம் கேட்கும் கேள்வி. அந்த அக்டோபரில் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா தன் மெயிலை ஸோஹோவுக்கு மாற்றிக்கொண்டதாக அறிவித்தார். மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மெயிலும் ஸோஹோவின் தளத்துக்குப் போயிருக்கிறது. விளம்பரமே போடாமல், பயனரின் தகவலை விற்காமல், காசு வாங்கிச் சேவை கொடுப்பது என்பதை, தென்காசிப் பக்கம் குடியேறிய ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு பல வருடங்களாகச் சொல்லிவருகிறார். விளம்பர நிறுவனத்திடமிருந்து விலகுவதுதான் உங்கள் நோக்கம் என்றால் ஸோஹோ நல்ல தேர்வு.

ஆனால், புரோட்டான் போடும் பூட்டும் இதுவும் ஒன்றல்ல. ஸோஹோவின் சாதாரணக் கணக்கில் மெயிலின் சாவி உங்களிடம் மட்டும் இருப்பதில்லை. இந்தியச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனம் வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-வது பிரிவு, மறைத்ததைத் திறந்து காட்ட உதவும்படி நிறுவனங்களுக்கு ஆணையிட அரசுக்கு அதிகாரம் தருகிறது. மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை. இப்படி இடைமறிக்க 10 அமைப்புகளுக்கு அனுமதி கொடுத்து உள்துறை அமைச்சகம் 2018 டிசம்பரில் ஆணை வெளியிட்டது.

கடிதத்தைப் பிரிக்கும் ஆசை கணினிக்கு முன்பே வந்துவிட்டது. 1898-ம் ஆண்டின் அஞ்சல் சட்டத்திலேயே அதற்கு இடம் இருந்தது. 1986-ல் அந்த அதிகாரத்தை இன்னும் விரிக்க ராஜீவ் காந்தி அரசு மசோதா கொண்டுவந்தது. இரண்டு அவைகளும் நிறைவேற்றின. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. தன் பதவிக்காலம் முடியும்வரை அப்படியே மேசையில் வைத்திருந்தார். அடுத்து வந்த ஆர்.வெங்கடராமன் 1990-ல் மறுபரிசீலனைக்கு அனுப்பினார். 2002-ல் மசோதாவே திரும்பப் பெறப்பட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு வந்த 2023-ம் ஆண்டின் புதிய அஞ்சல் சட்டத்தில், பொது ஒழுங்கு, தேசப் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காகத் தபாலை இடைமறிக்கும் பிரிவு இருக்கிறது. இந்த முறை மேசையில் எதுவும் தங்கவில்லை.

பிரவுசிங் சென்டர் அண்ணன் கையில் சாவி

அமெரிக்க உளவு, ஸ்விஸ் நீதிமன்றம் எல்லாம் இருக்கட்டும். நம் ஊரில் ஏராளமானோரின் மெயில் பாஸ்வேர்டு, பொறியியல் கலந்தாய்வுக்கோ டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கோ விண்ணப்பித்த நாளில் அதை உருவாக்கிக்கொடுத்த கம்ப்யூட்டர் சென்டர்காரரிடம் இருக்கிறது. அவர் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டிருப்பார். மீட்பு எண்ணாகத் தன் போன் நம்பரையே கொடுத்திருப்பார். கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை, வேலை சீக்கிரம் முடியும் என்பதுதான் காரணம். அந்த முகவரிதான் பிறகு பான் கார்டிலும் வங்கியிலும் பி.எஃப். கணக்கிலும் ஏறுகிறது. அப்படிப்பட்டவருக்கு ‘என்கிரிப்ஷன்’ பற்றி வகுப்பு எடுப்பதைவிட, பாஸ்வேர்டையும் மீட்பு எண்ணையும் இன்றே மாற்றச் சொல்வதுதான் முதல் உதவி.

சேவையை மாற்றும்போது கிடைக்கும் பெரிய லாபமும் இதுதான். நம் முகவரி எங்கெங்கே கட்டப்பட்டுக் கிடக்கிறது என்று அப்போதுதான் தெரியும். வருமான வரி, பாஸ்போர்ட், டிஜிலாக்கர், ரயில் டிக்கெட், காஸ் இணைப்பு, எப்போதோ பணம் போட்டு மறந்துபோன மியூச்சுவல் ஃபண்ட். இதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்க நினைக்க வேண்டாம். பழைய பெட்டியிலிருந்து புதியதுக்குத் தானாக மெயில் போகும்படி வைத்துவிட்டு, வருகிற ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து மாற்றுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். பணம் சம்பந்தப்பட்டதை முதலில் மாற்றுங்கள். வங்கியில் சில நேரம் கிளைக்கே போய் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். வீட்டில் பிள்ளை நீட், ஜே.இ.இ. எழுதிக் கலந்தாய்வுக்குக் காத்திருந்தால் அது முடியும்வரை அந்த முகவரியைத் தொடவே தொடாதீர்கள். கடைகளையும் சலுகை விளம்பரங்களையும் பழைய பெட்டியிலேயே விட்டுவிடலாம். அங்கேயே கத்திக்கொண்டிருக்கட்டும்.

போனில் முகவரி சொல்வது தனிக் கூத்து. எழுத்து எழுத்தாகச் சொல்லி முடித்த பிறகும், “கடைசியில ஜிமெயில் டாட் காம்தானே சார்?” என்பார் கால் சென்டர் பையன். சில இணையதளங்கள் தெரியாத சேவையின் முகவரியை ஏற்பதே இல்லை.

பாஸ்வேர்டு மறந்தால் என்ன ஆகும் என்பதை மாறுவதற்கு முன்பே யோசித்துவிட வேண்டும். கூகுளில் பெரும்பாலும் மீட்டுவிடலாம், ஏனென்றால் சாவி அவர்களிடமும் இருக்கிறது. புரோட்டானில் கணக்கைத் திரும்பப் பெற்றாலும், மீட்புச் சொற்களை எழுதி வைக்காவிட்டால் பழைய மெயில்கள் திறக்காது. அந்த 12 சொற்களைத் தாளில் எழுதி, பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். போனில் போட்டோ எடுத்து வைத்தால் அது நேராக கூகுள் போட்டோஸுக்குப் போய்விடும். மெயிலின் உள்ளே தேடுவதும் ஜிமெயில் அளவுக்கு வேகமாக இருக்காது. தேடித் தர வேண்டிய சர்வருக்கே உள்ளே இருப்பது தெரியாதே! இலவசக் கணக்கில் 1 ஜி.பி.தான் இடம். 15 ஜி.பி.யில் வாழ்ந்தவர்கள் மறுபடி அழிக்கப் பழக வேண்டும். அது நல்ல பழக்கம்தான் என்பது என் கட்சி.

காசு செலவழிக்கத் தயார் என்றால், புதுச் சேவையின் பெயரில் முகவரி வாங்குவதைவிடச் சொந்த டொமைன் வாங்குங்கள். வருடத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய். உங்கள் பெயரில் ஒரு முகவரி, பின்னால் எந்தச் சேவை வேண்டுமானாலும். மொபைல் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றுவதைப் போன்றது இது. ஸ்கிஃப் மூடப்பட்டபோது சொந்த டொமைன் வைத்திருந்தவர்கள் யாருக்கும் புது முகவரி சொல்லித் திரிய வேண்டியிருக்கவில்லை. ஆனால், டொமைனைப் புதுப்பிக்க மறந்தால் வேறு யாராவது வாங்கிக்கொள்வார்கள். உங்களுக்கு வரும் ஓ.டி.பி. அவர்களுக்குப் போகும். ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுவது உத்தமம்.

பழைய ஜிமெயிலை என்ன செய்வது? மூட வேண்டாம். ஆண்ட்ராய்டு போனுக்கு எப்படியும் ஒரு கூகுள் கணக்கு தேவைப்படும். யாஹூ 2013-ல், 12 மாதம் பயன்படுத்தாத முகவரிகளை எடுத்து வேறு ஆட்களுக்குக் கொடுத்தது. பழைய உரிமையாளரின் சொந்த மெயில்கள் புதியவரின் பெட்டியில் வந்து விழுந்தன. கூகுள் முகவரியை இன்னொருவருக்குத் தருவதில்லை, ஆனால் இரண்டு வருடம் எட்டிப் பார்க்காத கணக்கை அழிக்கலாம் என்று 2023-ல் விதி கொண்டுவந்திருக்கிறது. எனவே, உள்ளே இருப்பதை கூகுளின் ‘டேக்அவுட்’ வசதி மூலம் ஒரு ஹார்ட் டிஸ்கில் இறக்கிக்கொண்டு, ஆதார் நகல், சம்பளச் சீட்டு, மருத்துவ அறிக்கை போன்ற இணைப்புகளைத் தேடித் தேடி அழித்துவிட்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளே போய் வந்தால் போதும்.